அந்தச் சில மணி நேரம்: இணையத் தாக்குதல்களைக் கண்காணித்த அனுபவம்

கறுப்புத் திரையில் ஓர் உலக வரைபடம், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் சிவப்புக் கோடுகள். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்று சொன்னால், பலரும் முதலில் கேட்பது அந்த வரைபடத்தைப் பற்றித்தான். அது பொய்யில்லை. உண்மையான தகவலிலிருந்துதான் வரைகிறார்கள். ஆனால் அதைப் பார்த்து யாரும் வேலை செய்வதில்லை. எங்கள் கண் எப்போதும் ஒரு வரிசையின் மேல் இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவியும் ஃபைல்கள், இணைய முகவரிகள், மின்னஞ்சல்கள் அதில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நல்லது, கெட்டது, இன்னும் தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஆழமாகப் பதிந்துபோன விஷயம் ஒன்று உண்டு. எந்தப் புதுத் தாக்குதலும் முதலில் யாரோ சிலர் மேல்தான் விழுகிறது. அவர்களுடைய கணினியிலிருந்து கிடைக்கும் தடயத்தை வைத்துத்தான் மற்ற எல்லோரையும் காப்பாற்றுகிறோம். அந்த முதல் ஆளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில சமயம் நிமிடங்கள், பெரும்பாலும் மணிக்கணக்கு, மிக மோசமான சில சம்பவங்களில் மாதக்கணக்கு. கண்காணிப்பு என்ற பெயரில் நடப்பதெல்லாம் இந்த இடைவெளியைச் சுருக்கும் வேலைதான். அது முழுதாக மூடாது. மூடாத அந்த நேரத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது மிகவும் முக்கியம்.

தடயம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு, உங்கள் கணினியில் ஓடும் ஆன்டிவைரஸிலிருந்தே வருகிறது. புதிதாக ஒரு ஃபைல் உள்ளே நுழைந்தால் அதற்கு ஒரு ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிடும். ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் ஹாஷ் ஒரே நீளம்தான். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். அந்தக் கைரேகையை மட்டும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, இதை முன்பு பார்த்ததுண்டா என்று கேட்கும். நல்லது என்றோ கெட்டது என்றோ பதில் வந்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. யாருமே பார்த்ததில்லை என்று பதில் வரும்போதுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் லட்சக்கணக்கானோரிடம் ஒரே ஹாஷோடு இருக்கும். அப்படியிருக்க, வேறு எந்தக் கணினியிலும் இல்லாத ஒரு நிரல் இன்று காலை ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சலில் வந்திருக்கிறது என்றால், அந்த அபூர்வமே ஒரு தடயம்.

அடுத்தது ஹனிபாட். தாக்குபவர்களுக்காகவே திறந்து வைக்கும் போலிக் கணினி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எங்கும் விளம்பரப்படுத்தாத ஒரு முகவரியில் ஒரு கணினியை இணையத்தில் இணைத்து வைப்போம். அதைத் தேடி வர யாருக்கும் எந்தக் காரணமும் கிடையாது. ஆனாலும் சில நிமிடங்களிலேயே கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். 'அட்மின், அட்மின்', 'ரூட், 1234' என்று பயனர்பெயரும் பாஸ்வேர்டும் ஜோடி ஜோடியாக வந்து விழும். மனிதர்கள் உட்கார்ந்து அடிப்பதில்லை. ஏற்கெனவே பிடிபட்ட கருவிகள் அடுத்த கருவியைத் தேடி இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கின்றன. என்னிடம் என்ன இருக்கிறது, என்னை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஹனிபாட்டின் பதிவேட்டைக் காட்டினால் போதும். யாரும் உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. இணைப்பில் இருக்கிறீர்கள், அதுவே அவர்களுக்குப் போதும்.

2016-ல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) பரவியது இப்படித்தான். இணைய கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60-க்கு மேல் அதனிடம் இருந்தன. அவ்வளவுதான் அதன் ஆயுதம். அதை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் (தளங்களின் பெயர்களைக் கணினிகளுக்கான எண் முகவரிகளாக மாற்றித் தரும் சேவை அது) அப்படிப் பிடித்த கருவிகளை ஏவிவிட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. அவர்களுடைய கேமரா வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும் நிரல். அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் மறுபடி இணைத்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்து உட்காரும். அதனால் ரவுட்டரோ கேமராவோ புதிதாக வாங்கினால் இணையத்தில் சேர்க்கும் முன்பே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து அதைத் திறக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும், ஐந்து நிமிட வேலைதான்.

மற்ற ஊற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மனிதரும் பயன்படுத்தாத மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி இணையத்தின் மூலைகளில் போட்டு வைப்போம். அங்கே வருகிற எதையும் யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதால் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. புதிதாகப் பதிவாகும் டொமைன் பெயர்களை, அதாவது இணையதளங்களின் பெயர்களை, தினமும் அலசுவோம். தெரிந்த வங்கியின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால் அதன் மேல் கண் வைப்போம். இணையதளங்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. அவற்றையும் கவனித்துக்கொண்டே இருப்போம். போலித் தளம் ஒருவரைக்கூட ஏமாற்றும் முன்பே, அது சான்றிதழ் வாங்கியதை வைத்து மாட்டிக்கொண்டதுண்டு. இதிலிருந்து உங்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகும். போலித் தளங்களும் முறையாகச் சான்றிதழ் வாங்கி, பூட்டுச் சின்னத்தோடுதான் வருகின்றன. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது.

வெளியே விளம்பரங்களில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் உள்ளே மாதிரிகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. வைரஸ்டோட்டல் சேவை 2004-ல் ஸ்பெயினின் மாலகா நகரில் தொடங்கியது, 2012-ல் கூகுள் அதை வாங்கியது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் 70-க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ் எஞ்சின்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். அந்த ஃபைல் பங்கேற்கும் நிறுவனங்களுக்கும் போய்ச் சேரும். ஷேடோசர்வர் என்ற லாப நோக்கற்ற அமைப்பு தினமும் இணையத்தை அலசி, யாருடைய வலையமைப்பில் எது திறந்து கிடக்கிறது என்று அதன் பொறுப்பாளர்களுக்கு இலவசமாகவே எழுதி அனுப்புகிறது. போட்டி நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் நள்ளிரவில், இந்த முகவரியைத் தடுத்துவிடுங்கள், காரணம் காலையில் சொல்கிறேன் என்று எழுதுவார். நாங்களும் சரிபார்த்துத் தடுப்போம். காலையில் அந்தக் காரணம் வரும்போது, இரவோடு இரவாக எத்தனை பேர் தப்பினார்கள் என்பது புரியும். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது இந்த நம்பிக்கையைத்தான்.

அந்த ஒற்றை வரி

ஜெர்மனியைச் சேர்ந்த ஏவி-டெஸ்ட் நிறுவனம், நாளொன்றுக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீநிரல்களையும் வேண்டாத மென்பொருள்களையும் பதிவு செய்வதாகச் சொல்கிறது. இத்தனையையும் மனிதர்கள் பார்க்க முடியாது, பார்க்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலானவை ஒரே நிரலின் மறுபதிப்புகள். ஹாஷ் மாறவேண்டும் என்பதற்காகவே லேசாக மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். இயந்திரங்கள் அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிடும். புரியாத மீதியை சாண்ட்பாக்ஸில் ஓடவிடுவோம். வெளியுலகத்தோடு கலக்காத ஒரு தனிக் கணினியில் அந்த ஃபைலைத் திறந்து, எந்த ஃபைலைத் தொடுகிறது, எந்த சர்வரைக் கூப்பிடுகிறது, மறுபடி கணினியைத் திறக்கும்போது தானே எழுந்துகொள்ள ஏற்பாடு செய்கிறதா என்றெல்லாம் பதிவு செய்வோம்.

இது தாக்குபவர்களுக்கும் தெரியும். மவுஸ் அசைகிறதா, பழைய ஃபைல்கள் கிடக்கின்றனவா, எத்தனை ப்ராசஸர் இருக்கிறது என்று பார்த்து, ஆய்வுக்கூடம் என்று சந்தேகம் வந்தால் ஒன்றும் செய்யாமல் நிரல் முடிந்துவிடும். சில நிரல்கள் நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும். இயந்திரம் அப்போதைக்கு 'தெரியவில்லை' என்று முத்திரை குத்தி அடுத்ததற்குப் போய்விடும். மனிதர்கள் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு இரவு ஷிஃப்டில் வந்த ஒரு மின்னஞ்சல் எனக்கு மறக்கவில்லை. ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் சந்தேகத்துக்குரியது என்று அதை அனுப்பியிருந்தார். பழைய உரையாடல் ஒன்றுக்கு வந்த பதில் அது. மேலே அவர் முன்பு எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது, அனுப்பியவர் பெயர் சரி, தலைப்பும் சரி. கூடவே ஒரு வேர்டு ஃபைல். சாண்ட்பாக்ஸ் அதில் எதையும் காணவில்லை. வரிசையில் பின்னுக்குப் போயிருக்க வேண்டிய மின்னஞ்சல். ஆனால் அவர் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இவர் எனக்கு எழுதும்போது ஒருநாளும் இப்படித் தொடங்கமாட்டார்.' அந்த வரிக்காக நாங்கள் ஃபைலைப் பிரித்து உட்கார்ந்தோம். உள்ளே மேக்ரோ என்ற, ஆவணத்துக்குள்ளேயே ஓடும் சிறு நிரல், அதற்குள் சுற்றிச் சுற்றி மறைத்து வைத்த சர்வர் முகவரிகள். எங்களுக்கு அறிமுகமான எமோடெட் குடும்பம்தான், புது உடையில். அந்த முகவரிகளைத் தடுத்ததும், வெவ்வேறு நாடுகளிலிருந்த கணினிகள் அதே முகவரிகளைக் கூப்பிட முயன்று தோற்பது திரையில் தெரிய ஆரம்பித்தது. அவர்களுக்கெல்லாம் அந்தப் பெண்ணைத் தெரியாது.

எமோடெட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் உத்தி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2014-ல் வங்கித் தகவல்களைத் திருடும் நிரலாகத் தலைகாட்டி, பிறகு மற்றத் தீநிரல்களுக்குக் கதவு திறந்துவிடும் பெரிய வலையாக வளர்ந்தது. பிடித்த கணினியின் மின்னஞ்சல்களைத் திருடி, அந்த உரையாடல்களுக்கே பதில் எழுதுவதுபோல அடுத்தவர்களுக்குப் போகும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்ற பழைய அறிவுரை இங்கே உதவாது. 2021 ஜனவரியில் 8 நாடுகளின் காவல் துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றின. ஏப்ரல் 25 அன்று, பாதிக்கப்பட்ட கணினிகளிலிருந்து அது தானாக நீங்கும்படி செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்துவிட்டது.

அதனால் நான் என் வீட்டாருக்குச் சொல்வது இதுதான். எதிர்பாராத அட்டாச்மென்ட் தெரிந்தவரிடமிருந்தே வந்தாலும் அவரிடம் வேறு வழியில் கேளுங்கள். போன் போடுங்கள். அந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதிக் கேட்காதீர்கள், பதில் சொல்வது அவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. திறந்த பிறகு 'உள்ளடக்கத்தை இயக்கு' என்று கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். அப்புறம், எவ்வளவு அவசரம் என்று எழுதியிருந்தாலும் சில மணி நேரம் தள்ளிப்போடுங்கள். காலையில் எந்த எஞ்சினுக்கும் தெரியாத ஃபைலைப் பல எஞ்சின்கள் மாலைக்குள் கண்டுகொள்வதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எதையும் உடனே திறந்துவிடும் பழக்கம் உள்ளவர்தான் பெரும்பாலும் அந்த முதல் ஆளாகிறார்.

மருந்து தயாராக இருந்தும்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல், பரவ ஆரம்பித்தது. ஸ்பெயினின் தொலைபேசி நிறுவனம் டெலிஃபோனிகா, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் என்று செய்திகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் எல்லோரும் தேடியது, இது எந்த மின்னஞ்சலில் வந்தது என்பதை. கிடைக்கவே இல்லை. கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒரு மின்னஞ்சல் தேவைப்படவே இல்லை. ஃபைல்களைப் பகிர உதவும் விண்டோஸ் சேவையில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் க்ளிக் செய்யாமலே அது கணினி விட்டுக் கணினி தாவியது. ஹனிபாட்களின் பதிவேட்டில் அது நன்றாகத் தெரிந்தது: எல்லாத் திசையிலிருந்தும் அந்தச் சேவையின் நுழைவாயிலான 445-ஆம் போர்ட்டையே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதை நிறுத்திய விதம் கண்காணிப்பு வேலையின் இயல்பை நன்றாகக் காட்டும். பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆய்வாளர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். ஆனாலும் மாதிரியை வாங்கிப் பார்த்தார். பதிவு செய்யப்படாத ஒரு நீளமான டொமைன் பெயரை அந்த நிரல் கூப்பிடுவதைக் கவனித்து, அந்தப் பெயரை வாங்கித் தன் சர்வரோடு இணைத்தார். சிங்க்ஹோல் என்று சொல்லும் வழக்கமான வேலை இது. பாதிக்கப்பட்ட கணினிகள் தாக்குபவரைக் கூப்பிடுவதற்குப் பதிலாக ஆய்வாளரைக் கூப்பிடும், எங்கெங்கே பாதிப்பு என்று அவற்றை வைத்து எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் பெயர் பதில் சொன்னால் நின்றுவிடும்படி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. எண்ணிப் பார்க்க வாங்கிய டொமைனே பரவலை நிறுத்திவிட்டது. மொத்தத்தில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன.

என்னை இன்றும் உறுத்துவது இன்னொரு தேதி. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள், அதாவது அந்த அப்டேட் கிடைக்கக்கூடியவை. இங்கே இடைவெளியை உண்டாக்கியது ஆய்வுக்கூடம் இல்லை. கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும் அறிவிப்பை 'பிறகு' என்று தள்ளிய ஒவ்வொரு நாளும் அதில் சேர்ந்திருக்கிறது. அட்டாச்மென்ட்டைத் தள்ளிப்போடச் சொன்ன நான் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். ஓட்டையைப் பற்றிய அறிவிப்பு வெளியான அன்றே தாக்குபவர்களும் அதைப் படிக்கிறார்கள். பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டு எங்கே ஓட்டை இருந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு நெடுங்காலம் தேவையில்லை.

அப்டேட்டிலேயே தீநிரல் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வான்னாகிரைக்கு அடுத்த மாதமே, 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா பரவியது. மேர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் நிறுவனம் வரை அதில் முடங்கியது. 2020-ல், நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பை நிர்வகிக்கப் பயன்படுத்தும் சோலார்விண்ட்ஸ் மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்திருந்த நிரல் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பல மாதம் எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில், ஒரு ஊழியரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு போன் பதிவாகியிருப்பதைப் பாதுகாப்புக் குழு கவனித்தது. அவரைக் கூப்பிட்டு, இது உங்களுடையதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அங்கிருந்து நூல் பிடித்துப் போய்த்தான் முழுச் சம்பவமும் வெளிவந்தது.

ஆனாலும் அப்டேட்டை நிறுத்தாதீர்கள். அப்டேட் வழியாக வந்த தாக்குதல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்டேட் செய்யாததால் வந்தவற்றை நான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்தேன். ஃபயர்ஐ கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. புதிய கருவியிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள் என்று அறிவிப்பு வரும்போது, நானாகத்தான் இருக்கும் என்று ஒதுக்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கணக்குகளில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் இருக்கிறது. அவ்வப்போது அதைத் திறந்து பார்த்து, அடையாளம் தெரியாததை நீக்கிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வேகத்தின் விலை

இடைவெளியைச் சுருக்கும் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தனிமைப்படுத்தியது. ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்திப்போட்டது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் விமானங்கள் நின்றுவிட்டன. ஒரு வரி தப்பானால் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் என்ற பயம், தடுப்பு எழுதும் எவருக்கும் இருக்க வேண்டிய பயம்.

உங்கள் பக்கத்தில் இது சின்ன அளவில் நடக்கும். நீங்கள் நெடுநாள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை ஆன்டிவைரஸ் திடீரென்று தடுக்கும். அப்போது விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தயாரித்தவரின் தளத்திலிருந்தே வாங்கியதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு 'இது தவறான கண்டுபிடிப்பு' என்று அனுப்பும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அப்படி வரும் புகார்களை ஒரு மனிதர் திறந்து பார்க்கிறார், நானே நிறையப் பார்த்திருக்கிறேன். உரிமப் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளை இறக்கும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்று சொன்னால் மட்டும் சந்தேகமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்கள் ஃபைல்கள் யார் கைக்குப் போகின்றன?

கண்காணிப்பு என்றால் நம்மையும் கண்காணிக்கிறார்களா என்ற சந்தேகம் இயல்பானது. ஹாஷ், ஃபைலின் பெயர், அது எந்த முகவரியிலிருந்து வந்தது, கணினியின் பதிப்பு ஆகியவை வழக்கமாகப் போகும். சந்தேகம் வலுத்தால் ஃபைலே போகலாம். இவற்றில் பலவற்றை அமைப்புகளில் நீங்களே தீர்மானிக்க முடியும். கூகுளின் சேஃப் பிரௌசிங் போன்ற ஏற்பாடுகளில், நீங்கள் போகும் முகவரியின் ஹாஷில் ஒரு துண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை உண்டு. முழு முகவரியையும் சொல்லாமலே எச்சரிக்கை பெற முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

எல்லோரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் பயனர்களின் இணைய நடமாட்டத் தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது அம்பலமாகி, 2020 ஜனவரியில் அந்தத் துணை நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 2024-ல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. இந்தத் தொழிலில் இருந்த எனக்கு இது கோபத்தையே தந்தது, இன்றும் தருகிறது. முதல் ஆளின் தடயம் எங்களுக்கு வருவது அவர் எங்களை நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை விற்றால் அடுத்தவர் பகிர்வதை நிறுத்துவார், எல்லோருடைய பாதுகாப்பும் குறையும். ஆன்டிவைரஸ் நிறுவியதும் 'தரவுப் பகிர்வு' பக்கத்தைத் திறந்து, அச்சுறுத்தல் ஆய்வுக்கான பகிர்வை வைத்துக்கொண்டு, விளம்பரம், மூன்றாம் தரப்பு என்று இருப்பதை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் உங்கள் பக்கமும் கவனம் வேண்டும். வைரஸ்டோட்டலில் சந்தேகத்தின் பேரில் ஏற்றும் ஃபைலை அங்கே கட்டணச் சந்தா வைத்திருக்கும் நிறுவனங்கள் இறக்கிப் பார்க்க முடியும். ஒப்பந்தங்கள், மருத்துவ அறிக்கைகள், சம்பளப் பட்டியல்கள் என்று யார் யாருடையவோ ஆவணங்கள் அங்கே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தரங்கமான ஆவணமாக இருந்தால் ஃபைலை ஏற்றாதீர்கள். அதன் ஷா-256 ஹாஷை (ஹாஷ் கணக்கிடும் முறைகளில் ஒன்று) மட்டும் எடுத்துத் தேடுங்கள். யாராவது முன்பே பார்த்திருந்தால் பதில் கிடைத்துவிடும்.

ரான்சம்வேரில் மாட்டிக்கொண்டவர்கள் பணம் கட்டலாமா என்று கேட்டு எழுதுவார்கள். அதற்கு முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். டச்சு காவல் துறை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. பூட்டிய ஃபைல்களைத் திறக்கும் கருவிகள் பல குடும்பங்களுக்கு அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று சாவி இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். சர்வர்கள் கைப்பற்றப்படும்போது சாவிகள் பிறகு வெளிவந்ததுண்டு. மாட்டுவதற்கு முன்பே செய்யக்கூடியது, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் டிஸ்கில் ஒரு நகல். எப்போதும் இணைந்தே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேரும் சேர்த்துப் பூட்டும்.

கடைசியாக, புகார் அனுப்புவது எப்படி என்பது. ஃபிஷிங் பக்கங்கள், அதாவது பாஸ்வேர்டு போன்றவற்றை ஏமாற்றிப் பறிக்கும் போலிப் பக்கங்கள், பெரும்பாலும் குறைந்த நேரமே உயிரோடு இருக்கும். முதல் சில மணி நேரத்தில் வரும் புகாரே மிகப் பயனுள்ளது, மறுநாள் வருவது பெரும்பாலும் கணக்குக்குத்தான். ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் 'ஃபிஷிங் என்று புகார் செய்' என்ற தேர்வு இருக்கிறது. வெறுமனே அழித்துவிடாமல் அதை அழுத்துங்கள். பாதுகாப்பு நிறுவனத்துக்கோ உங்கள் அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கோ அனுப்புவதாக இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் போதாது, சாதாரணமாக ஃபார்வர்ட் செய்வதும் போதாது. ஃபார்வர்ட் செய்தால் அந்த மின்னஞ்சல் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல் போய்விடும், எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். மூல மின்னஞ்சலையே ஃபைலாகச் சேமித்து, அதை இணைப்பாக அனுப்புங்கள். லிங்க்கை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம், நகலெடுத்தால் போதும். எப்போது வந்தது, ஏன் சந்தேகம் வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே க்ளிக் செய்துவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். எந்த நேரத்தில் க்ளிக் செய்தீர்கள், அதன் பிறகு என்ன திரை வந்தது என்பதிலிருந்துதான் நாங்கள் தேடத் தொடங்குவோம்.